தனுஷ்கோடில கேமராவோட

தனுஷ்கோடின்னாலே எல்லாரும் அந்த இடிஞ்ச சர்ச்சைத்தான் எடுக்குறாங்க, 1964 புயல்ல தப்பிச்ச மிச்சம், நல்லாத்தான் இருக்கும், ஆனா எனக்குப் பிடிச்சது நிலம் முடியுற முனைக்குப் போற அரிச்சல்முனை ரோடுதான். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் ஜலசந்தி, ஜூன் ஜூலைல தென்மேற்குக் காத்து அடிக்கிறப்ப தெக்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும், கார்த்திகைல வாடைக்காத்து வந்தா அப்படியே தலைகீழ். உச்சி வெயில்ல எடுக்குறது வேஸ்ட். மேகம் மூடி நடுவுல கொஞ்சமா வெயில் விழுறப்ப பாருங்க, கடல் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஈயக் கலர், அப்ப எக்ஸ்போஷரை, அதான் கேமரா எடுத்துக்குற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப், அதாவது பாதியா, குறைச்சா மேகம் வெளிறாம வரும். அப்புறம் லென்ஸ்ல உப்புத் தூவானம் படியும், காஞ்ச துணியால தேய்ச்சுடாதீங்க, கீறல் விழும். ட்ரைபாடை மணல்ல நல்லா அழுத்தி ஊணுங்க, அங்க காத்து ஆளையே தள்ளும்.