பான்டாவ் கதைத்துணி: மேக்கொங்கைக் கடக்கும் ஒரு துண்டு

உள்துணி 60 × 45 செ.மீ. இரட்டைக் கரை சேர்த்தால் 72 × 57 செ.மீ. அதற்குள் 38 மனிதர்கள், ஏழு விலங்குகள், மூன்று விமானங்கள், ஓர் ஆறு, ஒரு பேருந்து. இதுவரை ஏறத்தாழ 70 மணி நேரம் ஆகியிருக்கிறது. லாவோஸின் மலைவாழ் ஹ்மோங் மக்கள் தங்கள் போரையும் ஓட்டத்தையும் தைத்து வைத்த முறையைப் பின்பற்றி, 1975 மே மாதத்தை நடுவில் வைத்துச் செய்து பார்த்தது. பயிற்சித் துண்டுதான், விற்பனைக்கு அல்ல. பிறர் உயிர் பிழைத்து ஓடிய கதையைப் பார்த்துத் தைத்துக் காசாக்குவது முறையில்லை. தைத்துப் பழகுவதில் தவறில்லை.

பான்டாவ் என்றால் பூத்துணி. அந்தக் கலை பழையது: நத்தைச் சுருள், யானைக்கால் போன்ற வடிவங்கள், துணிமேல் துணி வைத்துத் தைப்பது, குறுக்குத் தையல், சில பிரிவினரிடம் மெழுகால் வரைந்து அவுரியில் சாயம் ஏற்றுவதும். பழைய பான்டாவில் மனித உருவம் கிடையாது. ஆளும் துப்பாக்கியும் துணியில் ஏறியது 1975க்குப் பிறகு, தாய்லாந்தின் அகதி முகாம்களில். லோய் மாகாணத்தில் இருந்த பான் வினாய் முகாம் இதற்குப் பெயர் பெற்ற இடம். அங்கே உழ நிலமில்லை. ஆண்கள் படம் வரைந்தார்கள், பெண்கள் தைத்தார்கள், உதவி நிறுவனங்கள் வழியாகத் துணி வெளிநாடு போனது. வாங்குகிறவர்களின் ரசனைக்காகவே நிறங்கள் மங்கலாயின. பழைய கதைத்துணிகளில் சாம்பலும் வெளிர்நீலமும் தெரிவது அதனால்தான். அதைச் சோகத்தின் குறியீடு என்று விளக்குவோரும் உண்டு. சந்தையின் குறியீடு என்பதே பொருத்தம்.

துணியும் நூலும்

அடித்துணிக்கு டெரிகாட்டன், சாம்பல் கலந்த நீலம். முகாம்களிலும் பெரும்பாலும் இந்தக் கலப்புத் துணியில்தான் தைத்தார்கள். முழுப் பருத்தியில் ஒரு சோதனைத் துண்டு போட்டதில், துவைத்த பிறகு உள்துணி சுருங்கிக் கரைத்துணி சுருங்காமல் நின்று, ஓரமெல்லாம் அப்பளம் போல உப்பிவிட்டது. பருத்திதான் வேண்டுமென்றால் எல்லாத் துண்டுகளையும் வெந்நீரில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்த பிறகே வெட்ட வேண்டும்.

கருநீலம் வேண்டாம். ஹ்மோங் உடையில் கறுப்பே மிகுதி. கருநீலத்தில் ஆட்கள் காணாமல் போய் இடுப்புக்கச்சை மட்டும் மிதக்கும். வெள்ளையும் சரிவராது, மேலே வரப்போகும் வெள்ளை விமானம் தெரியாது.

நூல் ஆறு இழை எம்ப்ராய்டரி நூல், 8 மீட்டர் கண்டு. ஆட்களுக்கு இரண்டு இழை, முகத்துக்கு ஒற்றை இழை. கறுப்பு மூன்று கண்டு, இரண்டு பச்சைகளில் இரண்டிரண்டு, பழுப்பு இரண்டு, வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள், தோல் நிறம் ஒவ்வொன்று. சிவப்பை நம்பாதீர்கள். ஒரு முழ நூலை வெந்நீரில் முக்கி, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். முதல் கண்டு சாயம் விட்டது. கச்சைக்கு அதைப் பயன்படுத்தியிருந்தால் பாதி ஊரே சிவந்திருக்கும்.

படம் வரைதல்

இதற்கு ஆறு மணி நேரம் போனது. அதிகம் தடுமாறியதும் இங்கேதான்.

கதைத்துணியில் தொடுவானம் கிடையாது. தொலைவில் இருப்பவர் சிறியவராகத் தெரிவதும் கிடையாது. மலை, ஆள், விமானம் எல்லாம் ஒரே தளத்தில் மிதக்கும்; கண் ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு போகும். ஓவியப் பயிற்சி உள்ளவர்கள் கை தானாகவே தூரத்து மலையைச் சிறிதாக்கும். அப்படி வரைந்த முதல் படம் நாட்காட்டி ஓவியம் மாதிரி ஆகிவிட்டது: ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடப்பதாகத் தெரிந்தது. இங்கே தேவைப்படுவது 14 ஆண்டுகள். 1961இல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., ஹ்மோங் தளபதி வாங் பாவ் தலைமையில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஹ்மோங் படையைத் திரட்டத் தொடங்கியது. 1962இல் ஜெனீவா உடன்பாடு லாவோஸில் வெளிநாட்டுப் படை கூடாது என்றது. அதனால்தான் அந்தப் போர் ரகசியமாகவே நடந்தது. 1975இல் கம்யூனிஸ்டுகள் வென்று எல்லாம் சரிந்தது. இவ்வளவையும் 60 செ.மீ.க்குள் அடக்கத் தொடுவானம் இல்லாத முறைதான் கைகொடுக்கும்.

கடைசியில் நின்ற அமைப்பு: மேல் இடது மூலையில் ஊர், சோளக்கொல்லை, பன்றி, கோழி. மேல் நடுவில் வாங் பாவ் படைத்தளமான லோங் செங்கின் ஓடுபாதையும் அதன் ஒரு முனையை அடைத்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளும். நடுவில் காடு வழியே நடை. வலது மேலிலிருந்து இடது கீழ் வரை குறுக்காக லாவோஸ், தாய்லாந்து எல்லையான மேக்கொங் ஆறு. அதற்கப்பால் தாய்லாந்து முகாமின் நீளக் கொட்டகைகள், வெளிநாடு போகிறவர்களை ஏற்றும் பேருந்து, கடைசி விமானம்.

ஆட்கள் 4.5 செ.மீ. உயரம், பிள்ளைகள் 3 செ.மீ. சிப்பாய் ஒருவனுக்குத் துப்பாக்கி ஆளை மீறி நீண்டு விழுந்தது. அளவைத் திருத்தலாம் என்று அழிப்பானை எடுத்தபின் அப்படியே விட்டாயிற்று. 1960களின் கடைசியில் வளர்ந்த ஆண்கள் பெருமளவில் மாண்டுபோக, 13, 14 வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்ட படை அது. அவனை 3 செ.மீ. உயரத்திலேயே வைத்தது சரியாகத்தான் இருந்தது.

படத்தைத் துணிக்கு மாற்ற ஆரி வேலைக்காரர்கள் செய்யும் முறையே நல்லது. ட்ரேசிங் தாளில் கோட்டின் மேல் 2 மி.மீ. இடைவெளியில் ஊசியால் துளை. ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். எண்ணெய் அதிகமானால் புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று சேரும், முகமெல்லாம் வெள்ளைத் திட்டாகும். பஞ்சைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. முழுதாய்க் காய ஓர் இரவு விட வேண்டும்.

ஆட்கள்

ஓர் ஆளுக்குச் சராசரி 50 நிமிடம். உடைக்குச் சாட்டின் தையல், கை கால்களுக்குக் காம்புத் தையல், கச்சைக்குச் சங்கிலித் தையல் ஒரு வரி. சாட்டின் தையலில் ஒரு தையலின் நீளம் 8 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனால் விரல் பட்ட இடமெல்லாம் இழை தூக்கிக்கொள்ளும். அகலமான சட்டையை நடுவில் பிரித்து இரு பாத்தியாகத் தைத்தால் சட்டை திறப்பும் கிடைத்துவிடும்.

கண்ணுக்கு ஒற்றை இழையில் ஒரே ஒரு குத்து. வாய் வேண்டாம். வாய் வைத்த இரண்டு முகங்களும் சிரிப்பது போல ஆகி, அந்த இடத்தில் மிகவும் தவறாக இருந்தன.

இரு தரப்புச் சிப்பாய்களும் பச்சை உடைதான். ஒரே பச்சையில் போட்டால் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று தெரியாது. அதனால் வாங் பாவ் ஆட்களுக்கு இலைப்பச்சை, எதிர்த்தரப்பான பத்தேட் லாவோ (லாவோஸ் கம்யூனிஸ்டுகள்), வட வியட்நாம் ஆட்களுக்குப் பாசிப்பச்சை. மாலை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. இன்னும் வெளிறிய பச்சை எடுத்திருக்கலாம்.

முதுகில் குழந்தை கட்டும் துணிக்கு 8 மி.மீ. சதுரத்தில் குறுக்குத் தையல், அதுவும் பழைய பான்டாவ் வடிவத்தில். ஆற்றங்கரைக்கு வந்தபோது அழுகுரல் கேட்டுவிடக் கூடாதென்று குழந்தைகளுக்கு அபின் கொடுத்த பெற்றோர் உண்டு; அளவு மிஞ்சி எழாமல் போன குழந்தைகளும் உண்டு. இதைத் துணியில் காட்ட வழியில்லை. தொட்டில்துணி ஒரே மாதிரிதான் இருக்கும்.

விமானங்கள், புள்ளிகள்

மேலே குண்டு போடுவது டி-28. ஒற்றைச் சுழலி, இறக்கை உடலின் அடிப்பக்கம். ஹ்மோங் விமானிகளும் ஓட்டியது அது. ஓடுபாதையில் நிற்பது நான்கு சுழலி சி-130, இறக்கை உடலின் மேற்பக்கம். இந்த மேல் கீழ் மாறினால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். 1975 மே 14ஆம் தேதி வாங் பாவ் கிளம்பியபோது, விமானத்தில் ஏற முடிந்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர்தான். ஓடுபாதையைச் சுற்றி நின்றவர்கள் பல்லாயிரம். ஆகவே விமானத்துக்குள் மூன்று தலை, வெளியே 14 ஆள். இந்த விகிதத்தை அழகுக்காகக்கூட மாற்றக்கூடாது.

கொத்துக்குண்டுகளுக்கு முடிச்சுத் தையல், மூன்று இழை, இரண்டு சுற்று. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸில் கொட்டியது இருபது லட்சம் டன்னுக்கு மேல். கொத்துக்குண்டின் சிறு உருண்டைகளில் 30 சதவீதம் வரை அப்போது வெடிக்கவில்லை; லாவோஸின் சியங் குவாங் மாகாண வயல்களில் மண்வெட்டி பட்டு இன்றும் வெடிக்கின்றன. எனவே முடிச்சுகளை விமானத்தின் கீழே நிறுத்திவிடாமல் சோளக்கொல்லைக்குள்ளும் ஐந்து போட்டது. முடிச்சு இறங்கித் துணிக்குப் பின்னால் ஓடிவிட்டால், ஊசியை வந்த துளையிலேயே திருப்பிக் குத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். ஓரிழை தள்ளிக் குத்த வேண்டும்.

மஞ்சள் புள்ளிகள் வேறு கதை. 1975க்குப் பிறகு காட்டில் ஒளிந்திருந்தவர்கள் மேல் விமானத்திலிருந்து மஞ்சள் மழை பொழிந்ததாகத் தப்பிவந்தவர்கள் சொன்னார்கள். 1981இல் அமெரிக்கா அதை நச்சு ஆயுதம் என்று குற்றம் சாட்டியது. சில அறிவியலாளர்கள் தேனீக்களின் கழிவு என்றார்கள். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. தைத்தவர்கள் கண்டதாகச் சொன்னதைத் தைக்கும் துணி இது. ஒற்றை இழையில் சிறு குத்துகளாக, காட்டின் மேல் மட்டும் போட்டது.

ஆறு

முதலில் 9 செ.மீ. அகல ஆற்றை முழுதாய் நீலச் சாட்டினில் நிரப்பப் போய், ஒரு சாண் முடியும் முன்பே துணி சுருங்கி இழுத்துக்கொண்டது. அத்தனையும் பிரித்து, 1 செ.மீ. இடைவெளியில் வெள்ளை அலைக்கோடுகளாகச் சங்கிலித் தையல் மட்டும். நூலை இறுக்காமல், எம்ப்ராய்டரி வளையத்தைக் கழற்றிவிட்டுக் கையிலேயே வைத்துத் தைத்தால் அலை படுத்துக் கிடக்கும்.

ஆற்றில் இருப்பவர்களுக்கு இடுப்புக்குக் கீழே தைக்க வேண்டாம். அக்குளில் கட்டிய மூங்கில், லாரி டியூப், காற்றடைத்த பிளாஸ்டிக் பை: கடந்தவர்கள் பிடித்துக்கொண்டது இவற்றைத்தான். டியூபுக்குக் கறுப்புச் சங்கிலித் தையல் இரண்டு சுற்று போதும்.

கரை

முக்கோணப் பல்வரிசை இல்லாமல் கதைத்துணி முடியாது. உள் வரிசை 60 × 45 சுற்றளவில் 140 பல், வெளி வரிசை 66 × 51இல் 156 பல். பல்லின் அடி 1.5 செ.மீ. உள்ளளவு 1.5ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், இல்லையென்றால் மூலையில் அரைப் பல் நிற்கும்.

கரைத்துணிப் பட்டையை 1.5 செ.மீ.க்கு ஒரு வெட்டாக நறுக்கி, இரு வெட்டுக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு துண்டின் இரு மூலையையும் ஊசி முனையால் உள்ளே தள்ளி மடித்து, ஹெம்மிங். வெட்டின் ஆழம் 7.5 மி.மீ., பல்லின் அடியளவில் சரிபாதி. ஆழம் கூடினால் பல்லுக்குக் கழுத்து முளைக்கும். குறைந்தால் மடிப்பு இழுத்துக் கூர் மழுங்கும். பல் ஒன்றுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் பத்து மணி. வெளி வரிசையின் ஒரு பக்கம் இன்னும் பாக்கி.

எழுத்தும் பேருந்தும்

பல துணிகளில் ஆங்கில வாசகம் தைத்திருப்பார்கள், எழுத்துப்பிழையோடு. அந்த மொழியை வாசிக்கத் தெரியாதவர்கள் எழுத்தை உருவமாகப் பார்த்துத் தைத்தது அது. ஹ்மோங் போர்வீரர்கள் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலம் காட்டத் தேவையில்லை என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 2000இல்தான். அந்தப் பிழைகளை நாம் நகலெடுத்தால் கேலியாகிவிடும். இந்தத் துண்டில் எழுத்தே வேண்டாமென்று விட்டாயிற்று.

கடைசியாகப் பேருந்து. ட்ரேசிங் தாளின் அந்தத் துண்டு மட்டும் புரண்டு விழுந்திருக்கிறது. துளைத்தாளுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது, பவுடர் இரண்டிலும் இறங்கும். விமானத்தை நோக்கி வலப்பக்கம் போக வேண்டிய பேருந்து இடப்பக்கம், ஆற்றை நோக்கித் திரும்பி நின்றது. பாதி தைத்த பிறகே தெரிந்தது. ஆற்றை நோக்கியும் பேருந்துகள் போனதுண்டு: 2009 டிசம்பரில், பெச்சபூன் மாகாண முகாமிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட ஹ்மோங் மக்களைத் தாய்லாந்து லாவோஸுக்கே திருப்பி அனுப்பியது. அது வேறொரு துணிக்கான கதை. சக்கரம் இரண்டையும் விட்டுவிட்டு மீதியைப் பிரித்து, ஈரத்துணியால் பவுடரைத் துடைத்து, தாளின் நான்கு மூலையிலும் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டு, திரும்ப இறக்கியது.