கீபோர்டை நெம்புவதற்கு முன் மாடல் எண்ணைப் பாருங்கள்

மடிக்கணினி கீபோர்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று யார் கேட்டாலும் நான் பதிலுக்கு மாடல் எண்ணைத்தான் கேட்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மடிக்கணினிகள் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் கீபோர்டு ஐந்து நிமிடத்தில் கையோடு வந்துவிடும், இன்னொன்றில் பேட்டரி, ஃபேன், மதர்போர்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்த பிறகும் கீபோர்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். இது தெரியாமல், வேறு ஏதோ மாடலின் வீடியோவை யூடியூப்பில் பார்த்துவிட்டு மேலிருந்து நெம்ப ஆரம்பித்தவர்கள்தான் உடைந்த பிளாஸ்டிக்கோடு கடைசியில் வந்து நிற்கிறார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயரை மாற்றினார்கள், தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. குலை ஏற்றிய லோரி ஒன்று போனால் போதும், செம்மண் தூசி வீட்டுக்குள் வந்து உட்காரும். மழை பெய்தால் சிற்றெறும்பு. பக்கத்தில் யூனிசெல் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களின் மடிக்கணினிகள் ஒரு பக்கம், 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தபோது அவசரத்துக்கு வாங்கிப்போட்ட பழைய மடிக்கணினிகள் இன்னொரு பக்கம். நான் கடை வைத்திருப்பவன் இல்லை, வேலை முடிந்து வந்து சாயங்காலத்தில் தெரிந்தவர்களுக்குப் பார்த்துக் கொடுப்பதோடு சரி. அதனால் யாரிடமும் கீபோர்டை விற்றாக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்: முக்கால்வாசிப் பேருக்குக் கழற்றவே தேவையில்லை.

ஒரே ஒரு பட்டன் மட்டும் சரியாக அடிக்கவில்லை, அல்லது அழுத்தினால் கரகரவென்று இருக்கிறது என்றால் அதற்கு அடியில் தூசியோ முறுக்குத் துணுக்கோ கிடக்கிறது என்று அர்த்தம். சம்பந்தமே இல்லாத நாலைந்து பட்டன்கள் ஒரே சமயத்தில் செத்துப் போனால் கதை வேறு. கீபோர்டுக்குள் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன, பட்டனை அழுத்தும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன, எந்த இரண்டு தொட்டன என்பதை வைத்துத்தான் நீங்கள் அடித்தது எந்த எழுத்து என்று கணினி கண்டுபிடிக்கிறது. ஒரு கோடு அறுந்தாலோ அரித்துப் போனாலோ அதில் உட்கார்ந்திருக்கும் பட்டன்கள் மொத்தமும் போகும். அதை எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் வலதுபக்க ஷிஃப்ட் பட்டனை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி ஆன் ஆகிவிடும், அதற்கப்புறம் பட்டனைத் தட்டினால் எழுத்து வராது, அழுத்திப் பிடித்தால்தான் வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சாதாரணமாக நடக்கும். கீபோர்டு போய்விட்டது என்று புதுசுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு என்னிடம் காட்டியவர்கள் உண்டு. மடிக்கணினியை ஆன் செய்யும்போதே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முந்திய அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள், எஃப்2, எஃப்10, டெலீட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். அங்கே ஒழுங்காக வேலை செய்து விண்டோஸில் மட்டும் தகராறு என்றால் கோளாறு மென்பொருளில்தான், ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

தூசி மட்டும்தான் என்றால் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, செங்குத்தாக நிற்பதற்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்த்துப் பிடித்து, அழுத்திய காற்று அடைத்த டின்னால் இடமிருந்து வலமாக ஊதுங்கள். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்லும் முறை இதுதான், 75 டிகிரி சாய்வு என்று கணக்கே கொடுத்திருக்கிறார்கள். மற்ற மடிக்கணினிகளுக்கும் ஒத்துவரும். டின் மட்டும் நேராக நிற்க வேண்டும், கவிழ்த்தால் காற்றுக்குப் பதில் திரவம் பீய்ச்சும். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை: நம் வெயிலுக்கு அந்தப் பசை இளகி ஓரத்தில் வழிந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஓரமாகத் துடைத்தால் போய்விடும், பாட்டிலிலிருந்து நேராக ஊற்ற வேண்டாம். தமிழ்99 எழுத்து அமைப்பு கைக்குப் பழகியவர்களுக்கு ஸ்டிக்கர் எதற்கு என்பது என் கட்சி.

எறும்புக்கு வருகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு அத்தை, "தம்பி, எறும்பு மேஞ்சுச்சு, மருந்து அடிச்சேன், இப்ப பட்டனே அமுங்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்தார். பூச்சி மருந்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை உள்ளே இறங்கி, செத்த எறும்போடு சேர்ந்து களிம்பாகிவிட்டது. எறும்பு வந்தால் சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியை வேறு இடத்தில் வையுங்கள், மேசையில் சிந்திய சர்க்கரையைத் துடையுங்கள், அவை தானாகக் கிளம்பிவிடும். அத்தைக்குக் கடைசியில் கீபோர்டை மாற்றித்தான் கொடுத்தேன்.

தே தாரிக், அதாவது நம் பால் தேநீர், கொட்டினால்? உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், ஃபைலைச் சேமிக்கிறேன் என்று உட்காராதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, திரையை விரித்து, கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி மேசை ஓரத்தில் கவிழ்த்துத் தொங்க விடுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பதால் ஒரு நன்மையும் இல்லை, தவிட்டுத் தூசி போர்ட்டுகளுக்குள் போவதுதான் மிச்சம். வெறும் தண்ணீர் என்றால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்தது காய்ந்தால் பட்டன் ஒட்டும், உள்ளே இருக்கும் கோடுகளை ஈரம் மெதுவாக அரிக்கும். அதுவும் கீழே மதர்போர்டு வரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆன் செய்யவே கூடாது. திறந்து பார்க்க நிஜமான காரணம் இருக்கிற இடம் இது.

சரி, கழற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணை எடுத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். லெனோவோ, டெல், எச்பி மூன்றும் பெரும்பாலான மாடல்களுக்கு இதை இலவசமாகவே போட்டிருக்கிறார்கள், எந்த ஸ்குரூ எந்த நீளம் என்பதுவரை படத்தோடு இருக்கும். வீடியோவை அதற்கப்புறம் பாருங்கள். மேனுவலில் கீபோர்டு என்ற தலைப்பு ஆரம்பத்திலேயே வந்தால் உங்களுக்கு நல்ல காலம். மதர்போர்டைக் கழற்றிய பிறகுதான் வருகிறது என்றால் யோசியுங்கள்.

பழைய திங்க்பேட்களில் அடிப்பக்கத்தில் கீபோர்டு படம் போட்ட துளைகளில் இருக்கும் ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, கீபோர்டைத் திரைப் பக்கமாக லேசாகத் தள்ளி முன் ஓரத்தைத் தூக்கினால் வந்துவிடும். பழைய ஏசர், ஏசுஸ் சிலவற்றில் திரைக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் ஓரத்தில் சின்னக் கொக்கிகள் இருக்கும், தட்டையான எதையாவது வைத்து ஒவ்வொன்றாக உள்ளே அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். காலாவதியான டச் அண்ட் கோ கட்டண அட்டை இதற்கு நன்றாக உதவும், கத்தி வேண்டாம். இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகளில் நிறைய மாடல்களுக்கு இந்த வழியே கிடையாது. கீபோர்டை உள்பக்கமாக வைத்து, பிளாஸ்டிக் ஆணிகளை உருக்கி, கைவைக்கும் மேல்தட்டோடு சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். கடைக்காரர்கள் அந்தத் தட்டைச் சி கவர் என்பார்கள். உருக்கிய ஆணிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்து, புதுக் கீபோர்டை வைத்து, மிச்சமிருக்கும் பிளாஸ்டிக்கைத் திரும்ப உருக்கியோ பசை போட்டோ பிடிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள், பொறுமையான வேலை, ஆனால் நடுவில் ஒரு ஆணி பிடிக்காவிட்டாலும் அந்த இடத்தில் தட்டும்போது கீபோர்டு அமுங்கி அமுங்கி எழும். கீபோர்டோடு சேர்ந்த முழுச் சி கவர் கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள் என்பேன். மேக்புக்கை வீட்டில் தொடாதீர்கள். 2012-இல் வந்த ரெட்டினா மாடல்களிலிருந்து பேட்டரியையும் அதே மேல்தட்டில் ஒட்டிவிட்டார்கள்.

எந்த வகையாக இருந்தாலும் முதல் வேலை பேட்டரி. வெளியே கழற்றும் பேட்டரி என்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தால் அடிமூடியைத் திறந்து பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை விடுங்கள். அணைத்துவிட்டேனே என்று இதை விட்டுவிடுகிறார்கள். அணைத்த மடிக்கணினியிலும் மதர்போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும், கீபோர்டு கேபிள் கொஞ்சம் கோணலாக இழுபட்டாலும் ஏதாவது ஒன்று எரியலாம். கீபோர்டின் நடுப்பகுதி மேலே வீங்கியிருந்தாலோ டச்பேட் தூக்கிக்கொண்டு நின்றாலோ அது கீபோர்டு பிரச்சினையே இல்லை, கீழே பேட்டரி ஊதியிருக்கிறது. அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது, லித்தியம் பேட்டரி நம் நாட்டில் அட்டவணைக் கழிவு எனப்படும் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது.

ஸ்குரூக்களை ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். அட்டைப்பெட்டியில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்தட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், இல்லாவிட்டால் மதர்போர்டில் இறங்கும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், தூக்கும்போது ஒரு மூலை மட்டும் வரமாட்டேன் என்றால் பலத்தைக் காட்டாமல் அதைத் தேடுங்கள்.

கீபோர்டு தளர்ந்ததும் வெளியே இழுக்க வேண்டாம். அடியில் தட்டையான ரிப்பன் கேபிள் மதர்போர்டோடு இணைந்திருக்கிறது, பின்விளக்கு இருந்தால் மெல்லியதாக இன்னொன்று. இந்த வேலையில் எனக்குப் பயம் உள்ள ஒரே இடம் இதுதான். கேபிள் நுழையும் கனெக்டரில் சின்ன பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். சிலவற்றில் அது தபால்பெட்டி மூடி மாதிரி மேலே எழும்பும், சிலவற்றில் இரண்டு ஓரத்தையும் நகத்தால் பிடித்து ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ள வேண்டும். எந்த வகை என்று கைப்பேசி டார்ச் அடித்து, கேமராவில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு தொடுங்கள். பூட்டைத் திறந்துவிட்டால் கேபிள் தானாக வழுக்கிக்கொண்டு வரும், வரவில்லை என்றால் பூட்டு திறக்கவில்லை. கீபோர்டு போனால் இன்னொன்று வாங்கலாம், பூட்டு உடைந்தால் அது மதர்போர்டு வேலை.

புதுசு வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கழற்றிய கீபோர்டின் முதுகில் ஒரு பாகம் எண் இருக்கும், ஷோப்பி, லசாடா போன்ற ஆன்லைன் கடைகளில் அதைப் போட்டுத் தேடுங்கள். படத்தில் ரிப்பன் எந்தப் பக்கம் வருகிறது, ஸ்குரூ பிடிக்கும் காதுகள் எங்கே, பின்விளக்குக் கேபிள் உண்டா, எண்டர் பட்டன் எப்படி என்று ஒப்பிடுங்கள். நம் மடிக்கணினிகளில் வருவது அமெரிக்க அமைப்பு, எண்டர் ஒரே வரிசையில் படுத்திருக்கும். இரண்டு வரிசைக்கு நிற்கும் பெரிய எண்டர் வந்தால் அது பிரிட்டிஷ் அமைப்பு, சில மடிக்கணினிகளில் உள்ளேயே உட்காராது. "அண்ணே, ஒரிஜினல்னு போட்டிருக்கான்" என்று ஒரு மாணவன் காட்டினான். எல்லோரும்தான் போட்டிருக்கிறார்கள்.

திரும்பப் பொருத்தும்போது ரிப்பனை நேராக, கடைசிவரை நுழைத்துப் பூட்டுங்கள். கேபிளின் குறுக்கே பெரும்பாலும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அது கனெக்டர் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். கொக்கிகளை அழுத்துவதற்கு முன் பேட்டரியை இணைத்து ஆன் செய்து, ஸ்பேஸ் பாரிலிருந்து ஓரத்து எஃப் பட்டன்கள் வரை ஒவ்வொன்றையும் அடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அணைத்து, பேட்டரியை மறுபடி பிடுங்கி, அப்புறம் மூடுங்கள். ஸ்குரூ நின்ற இடத்தில் விடுங்கள், மேலும் முறுக்கினால் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டு கழன்று சுழல ஆரம்பிக்கும். பழைய கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் பட்டன் மூடிகளும் கொக்கிகளும் ஸ்பேஸ் பார் கம்பியும் அதே மாடல் வைத்திருக்கும் யாருக்காவது தேவைப்படும், கடையில் அவை தனியாகக் கிடைப்பது கஷ்டம்.