முதலில் பாட்டிகளுக்கு பஸ், அப்புறம் பெண்ணுக்குக் காடி

கல்யாணம் பேசி முடித்த கையோடு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன காடி எடுக்கலாம்?" என்பதுதான். காடி என்றால் எங்கள் பேச்சில் கார். அக்கா மகளும் அதையேதான் கேட்டாள். கைப்பேசியில் படங்களெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். கூரை திறக்கிற சிவப்புக் காடி ஒன்று, பழைய மோரிஸ் மைனர் ஒன்று, வெள்ளை வெல்ஃபயர் வேன் ஒன்று. நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்கள் வாயில் இன்னும் அதே பழைய பெயர்தான். சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் எந்த வளைவில் எந்தக் குழி என்று எனக்குத் தெரியும் என்பதால், குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வண்டிப் பொறுப்பு என்னிடம்தான் வரும். நானும் அதை விரும்பித்தான் ஏற்கிறேன்.

அவளிடம் சொன்னேன்: "காடியை அப்புறம் பார்க்கலாம்மா. வண்டி இல்லாதவங்க யார் யாருன்னு முதல்ல எழுது." அவள் எழுத எழுத அவளுக்கே ஆச்சரியம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தனியாக இருக்கிற பாட்டிகள், முட்டி வலியில் மோட்டார் சைக்கிள் பின்னால் ஏற முடியாத பெரியம்மா, மகன்கள் சிங்கப்பூரில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தாத்தா, கைக்குழந்தையோடு இருக்கிற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) மருமகள் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் வேலைக்குப் போனபோது இவளைத் தூக்கி வைத்திருந்தவர்கள் அந்தப் பாட்டிகள்தான். தாலி கட்டும் நேரத்தில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு அவர்களுடைய பஸ்ஸுக்கு. மிச்சத்தில்தான் பெண்ணின் காடி. அவளும் உடனே சரி என்று சொல்லிவிட்டாள்.

என் பள்ளி வேனிலேயே நாலு நடை அடித்து எல்லாரையும் ஏற்றிவிடலாமே என்று அத்தான் கேட்டார். என் பெர்மிட் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. வழியில் ஏதாவது நடந்தால் காப்புறுதி கைகொடுக்குமா என்ற கேள்வியோடு வயதானவர்களை ஏற்ற எனக்கு மனம் வராது. வாடகை பஸ் எடுக்கும்போதும் முறையான பெர்மிட் உள்ள பஸ்தானா என்று கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான முதலாளி இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

அடுத்தது பாதை. மலேசியாவில் செம்பனையை முதன்முதலாக வணிக முறையில் நட்டது எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். அன்று முதல் இன்று வரை தோட்டத்துச் சாலைகள் குலை ஏற்றும் லாரிக்காகவும் டிராக்டருக்காகவும் போடப்பட்டவை. செம்மண், சரளை, நடுவில் புல் முளைத்த மேடு, இரண்டு பக்கமும் டயர் அழுத்திய பள்ளம். லாரிக்கு இது ஒன்றும் செய்யாது. தாழ்வான காடிக்கு அந்த நடு மேடு அடிவயிற்றில் உரசும். வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரில் ஏறும். அந்தச் சிவப்புக் காடி இதனால்தான் கழிந்தது. மோரிஸ் மைனரைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் குளிர்சாதனம் இல்லாத காடியில் பட்டுச்சேலையும் நகையுமாக அவள் வேர்த்துப்போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன், வேண்டாம் என்று சொன்னேன்.

பெண் ஏறும் காடியைப் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நேரில் போய், சேலை கட்டிய ஒருத்தியை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். நான் அக்காவைத்தான் சேலையோடு கூட்டிப் போனேன். வெல்ஃபயரின் கதவு பக்கவாட்டில் தள்ளித் திறப்பது, அதனால் கொசுவம் எதிலும் மாட்டவில்லை. படி தாழ்வாக இருந்தது. ஆனால் அக்கா சாய்ந்து உட்கார்ந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஜடை அலங்காரம் வைத்தால் பூவும் ராக்கொடியும் சேர்ந்து முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கை தடிமனுக்கு நிற்கும். தலைசாய்க்கும் மெத்தை ஜடையைத் தள்ளி, தலையை முன்னால் குனிய வைக்கும். அந்த மெத்தையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை வைத்தால் போதும், ஜடை அந்த இடைவெளியில் தொங்கிக்கொள்ளும். மாலையை வீட்டிலேயே போட்டு அனுப்பாதீர்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுவது 2009 ஜனவரி முதல் கட்டாயம். மாலைக்கு மேல் பெல்ட் போட்டால் பூ நசுங்கும், பூவுக்காக பெல்ட்டை விட்டால் அது பெண்ணுக்கு ஆபத்து. மாலை தனிப் பெட்டியில், ஈரத்துணி மூடி, தோழி மடியில் வரட்டும்.

காடி அலங்காரத்தில் நான் கண்டிப்பாகப் பார்ப்பது இரண்டு. ஒட்டுநாடா வேண்டாம், வெயிலில் இளகிப் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டால் நாம்தான் பணம் கட்ட வேண்டும். அப்புறம், நம்பர் பிளேட்டை மறைத்து மணமக்கள் பெயர்ப் பலகை வைப்பது குற்றம். பெயர்ப் பலகை வேண்டுமானால் கண்ணாடிக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக் காடி செம்மண்ணில் வந்தால் டயருக்கு மேலே சிவப்புப் புழுதி படியும். தோட்டத்தை விட்டுத் தார்ச்சாலை ஏறும் இடத்தில் ஒரு தம்பியை வாளித் தண்ணீரும் துணியுமாக நிறுத்திவிட்டால், கோயில் வாசலில் புகைப்படக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை.

பஸ்ஸை லயத்து வாசல் வரை கொண்டுவர முடியுமா என்று எல்லாரும் கேட்டார்கள். முடியாது. கடைசி மதகு குறுகல், அதைத் தாண்டிவிட்டால் பஸ் திரும்ப இடமில்லை. காலையில் வேலையாட்கள் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களம்தான் சரியான இடம், பஸ் ஒரே வட்டமாகத் திரும்பலாம். அங்கிருந்து லயத்துக்குக் கொஞ்ச தூரம் என்றாலும் பாட்டிகளுக்கு அது தூரம்தான். வீட்டிலிருந்து களத்துக்கு அவர்களைக் கூட்டி வர உறவுக்காரர்களின் சொந்தக் காடிகள் இரண்டை ஒதுக்கினோம். களத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர், பசியாற இட்லிப் பொட்டலம். வெறும் வயிற்றோடு யாரையும் பஸ்ஸில் ஏற்றாதீர்கள், வழியில் தலைசுற்றல் வந்துவிடும்.

எங்கள் அம்மா காலத்தில் தோட்டத்து லாரியில் வாழைமரம் கட்டி, பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து போவார்கள். அம்மா அதை இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வார். அந்த ஞாபகத்துக்காக இப்போதும் லாரி கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், திறந்த லாரியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது உயிரோடு விளையாடுவது.

கேட்டை மறக்கக் கூடாது. குலைத் திருட்டு பயத்தால் தோட்டத்து நுழைவாயிலில் கம்பி போட்டு ஜாகா (காவலாளி) உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும், கேட்டைத் திறக்கச் சொல்ல ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியும் இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பஸ், பெண் காடி, புகைப்படக்காரர் வண்டி, சாமான் லாரி எல்லாவற்றின் நம்பரையும் எழுதி, தேதி நேரத்தோடு ஆபீஸில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் ஒன்றை ஜாகா கையிலேயே கொடுத்தோம். ஞாயிறு கல்யாணத்தில் ஒரு நல்லதும் உண்டு, குலை லாரிகள் பெரும்பாலும் ஓடாது.

முகூர்த்தம் புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில், காலையில். தூரம் அதிகமில்லை. ஆனாலும் தூரத்தை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். விடியவே ஏழு மணி வாக்கில்தான். அதற்கு முன் செம்பனைக்குள் இருட்டும் பனியுமாக இருக்கும், ஓட்டுநர் மெதுவாகத்தான் வருவார். ஆரத்தி, தேங்காய், டயருக்கு எலுமிச்சம்பழம், அப்பா அம்மா காலில் விழுவது, அழுகை. அப்புறம் தோட்டத்து முனையில் முனீஸ்வரர். அவரைத் தாண்டிப் பெண்ணின் காடி நிற்காமல் போகாது. சூடம் ஏற்றி, திருநீறு பூசி, பூசாரி நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். இதெல்லாம் நடக்க வேண்டியவை, யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. அதனால் பெண் வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, அதையே எல்லாரிடமும் சொன்னோம். பஸ் அதற்கும் முன்னால் கிளம்பிவிடும்.

மழையையும் சொல்ல வேண்டும். ஆடியையும் மார்கழியையும் ஒதுக்கிவிட்டு நாம் கல்யாணம் வைக்கிற சித்திரை வைகாசி, ஐப்பசி கார்த்திகையில்தான் மேற்குக் கரையில் பருவம் மாறும். மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை பிடித்துக்கொள்ளும். காலையில் கல்லாக இருந்த செம்மண் சாயங்காலம் சோப்பாக வழுக்கும். இரவு விருந்து டவுன் மண்டபத்தில் என்பதால், மத்தியானம் பெண்ணைத் தோட்டத்துக்கே திருப்பிக் கூட்டி வரவில்லை. டவுனில் சின்னம்மா வீட்டில் உடை மாற்ற ஏற்பாடு செய்தோம். காடி திரும்பவும் செம்மண்ணில் இறங்க வேண்டிய தேவையே வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கோலாலம்பூர்ப் பக்கம். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு அவர்கள் வருவது சுலபம், ஈஜோக் வரை கவலையில்லை. அதற்கப்புறம் கைப்பேசி வரைபடம் சில நேரம் தோட்டத்துக் குறுக்குப் பாதையைக் காட்டும், அதில் போனால் பூட்டிய கேட் முன்னால்தான் நிற்க வேண்டும். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் போகிற பெரிய சாலைகளை மட்டும் பேசி, திருப்பங்களில் நிற்கும் கடை, பெட்ரோல் நிலையம் எல்லாம் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்பினேன். சம்பந்தியம்மா அதைத் தன் குடும்பக் குழுவில் எல்லாருக்கும் போட்டுவிட்டார்.

வாடகைக்குப் பேசும்போது எத்தனை மணி நேரம், கூடினால் மணிக்கு எவ்வளவு, பெட்ரோலும் டோலும் யார் கணக்கு, காடி பழுதானால் மாற்று வண்டி உண்டா, இத்தனையையும் எழுதி வாங்குங்கள். முன்பணம் கொடுத்தால் ரசீது.

இரவு பஸ்ஸை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விருந்து முடிய நேரமாகும், பாட்டிகளோ சாப்பிட்டதும் படுக்கப் பார்ப்பார்கள். அதனால் பஸ்ஸுக்கு இரண்டு நடை பேசினோம். முதல் நடை ஒன்பது மணிக்கு, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். இரண்டாவது, மண்டபத்தில் எல்லாம் முடிந்த பிறகு. களத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று மண்டோரிடம் சொல்லி வைத்தோம். பஸ் ஓட்டுநருக்கும் காடி ஓட்டுநருக்கும் முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்கார வைக்க ஒரு ஆள் தனியாக. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வந்தவர்கள் அவர்கள்.