ஸ்மித் சார்ட் அடியில இருக்கற ரேடியல் ஸ்கேல் - அட்டென் கோடு கடைசில புடிபட்டுது

ஷாக்ல (ரேடியோ செட் இருக்கற ரூம்ல) எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுக்கு அனுப்பின சிக்னல் எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டற அளவு, 1-ன்னா ஒண்ணும் திரும்பல) 1.67, மொட்டைமாடில யாகி ஆன்டெனாவோட ஃபீட்பாயின்ட்ல (கேபிள் சேர்ற இடத்துல) நேரா வெச்சுப் பாத்தா 2.9. ரெண்டு ரீடிங்கும் சரிதான், நடுவுல ஓடற 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் பண்ற வேலை இதுன்னு பேப்பர் ஸ்மித் சார்ட்லயே (கேபிள், ஆன்டெனா கணக்க வரைஞ்சே போடற வட்ட சார்ட்) டிவைடர் (ரெண்டு முனையும் கூரா இருக்கற காம்பஸ்) வெச்சுக் கண்டுபுடிச்சாச்சு. அந்த சந்தோஷத்துலதான் உடனே எழுதறேன்.

வட்டத்துல புள்ளி வெக்கறது, ஜெனரேட்டர் பக்கம் (ரேடியோ இருக்கற பக்கம்) சுத்தறது எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும். கீழ இருக்கற ஸ்கேல்ல இடப்பக்கமும் சுலபம்தான். சார்ட் நடுவுல இருந்து நம்ம புள்ளி வரைக்கும் டிவைடர்ல அளவெடுத்து, கீழ சென்டர் கோட்டுல ஒரு முனைய ஊனி இன்னொண்ண இடது பக்கமா வெச்சா எஸ்டபிள்யூஆர் 3, ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வர்ற சிக்னல் எவ்ளோ குறைஞ்சிருக்குங்கறது) 6 டிபி (டெசிபல்), திரும்பி வர்ற பங்க காட்டற பவர் கோஎஃபிஷியன்ட் 0.25, வோல்டேஜ் கோஎஃபிஷியன்ட் 0.5 எல்லாமே அந்த ஒரே முனைக்கு நேரா நிக்கும். ஸ்லைடு ரூல் காலத்து ஆளுங்களுக்கு இது எவ்ளோ பெரிய உதவியா இருந்திருக்கும்! ஃபிலிப் ஸ்மித் இந்த சார்ட்ட வெளியிட்டது 1939-ல.

வலப்பக்கம் மேல இருக்கற அட்டென் (அட்டெனுவேஷன், அதாவது கேபிள்ல சிக்னல் தேயறது) ஸ்கேல்தான் ரொம்ப நாளா படுத்திட்டு இருந்துது. ஓரத்துல சைபர், உள்ள போகப்போக 1, 2, 3ன்னு ஏறி சென்டர் கிட்ட 15 தாண்டிப் போகும். அதே டிவைடர் அளவ வலது பக்கம் திருப்பி வெச்சா 3ன்னு காட்டுது, இடது பக்கம் ரிட்டர்ன் லாஸ் 6. எப்பவுமே சரி பாதி. ஏன்னா சிக்னல் கேபிள்ல போகும்போது ஒரு தடவை தேயுது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை தேயுது, ஸ்கேல் போட்டவரு அந்த ரெண்டையும் கோட்டுக்குள்ளயே சேத்துட்டாரு. நாம ஒரு வழி லாஸ மட்டும் கொடுத்தா போதும். இன்னொண்ணு, அந்த நம்பர் தனியா நின்னா பிரயோஜனம் இல்ல, எத்தன டிபி நகந்தோம்ங்கறதுதான் கணக்கு. ஜெனரேட்டர் பக்கம் போனா சென்டர நோக்கி, லோடு பக்கம் (ஆன்டெனா பக்கம்) போனா ஓரத்த நோக்கி.

சோதனைக்கு கேபிளோட அந்த முனைய ஓபனா விட்டு 145 மெகாஹெர்ட்ஸ்ல பாத்தேன், ரிட்டர்ன் லாஸ் 6 டிபி, அப்போ ஒரு வழி லாஸ் 3. ஸ்வீப் பண்ணா சுருள் சுருளா உள்ள போகுது, ஃப்ரீக்வென்சி ஏற ஏற லாஸ் ஏறறது கண்ணாலயே தெரியும். அப்புறம் ஆன்டெனாவ மாட்டி ஷாக்ல வந்த 1.67-அ டிவைடர்ல எடுத்து வலது பக்கம் வெச்சா 6, அங்கிருந்து லோடு பக்கம் 3 நகத்தினா 3, அத இடது பக்கம் திருப்பினா எஸ்டபிள்யூஆர் 3! மாடில நேரா அளந்தது 2.9, இவ்ளோ பக்கத்துல வந்தா போதாதா?

இந்த கேபிள்ல ஆன்டெனாவ கழட்டிட்டாக்கூட ஷாக்ல மீட்டர் 3 கிட்டதான் காட்டும், அதனால எஸ்டபிள்யூஆர் கம்மியா இருக்குன்னு யாரும் நிம்மதியா உக்காந்துடாதீங்க. நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள் அளக்கற சின்ன கருவி) ஸ்க்ரீன்ல வட்டம் மட்டும் வருது, ரேடியல் ஸ்கேல் வரதில்ல, அது எனக்குப் பெரிய குறை. பேப்பர் ப்ரின்ட்தான் வழி, டிவைடர் ஸ்க்ரூ வெச்சு டைட் பண்றதா வாங்குங்க, சாதாரண காம்பஸ் திருப்பும்போது நகந்துடுது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா என் டைப் (N-type) கனெக்டர் அடாப்டர் வாங்கணும், எல்எம்ஆர்-400 வகை கேபிள் விலையும் விசாரிக்கணும், அதுல இதே 15 மீட்டருக்கு முக்கால் டிபிதான் போகும். யாகி இன்னும் 17 ஓம்ஸ் பக்கத்துலயேதான் நிக்குது. ட்ரிவன் எலிமென்ட்ட (கேபிள் சேர்ற கம்பிய) கொஞ்சம் குறைச்சு ஹேர்பின் (கேபிளோட மேட்ச் பண்றதுக்கான U வடிவ கம்பி) போடலாம்னு இருக்கேன், ட்ரான்ஸ்மிஷன் கோஎஃபிஷியன்ட் ஸ்கேல் இன்னும் தொடவே இல்ல, அதுக்கு மட்டும் சைபர் இடது ஓரத்துல ஆரம்பிக்குது, அத ஹேர்பின் போட்டப்புறம் எழுதறேன்.