தூதரகம் காலியாகும் நேரம்

ஏப்ரல் 23, 2023, ஞாயிறு

காலையில் எழுந்ததும் சூடான் செய்திதான். கார்ட்டூமில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டார்கள். ஜிபூட்டியிலிருந்து கிளம்பிய சினூக் ஹெலிகாப்டர்கள் எத்தியோப்பியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, இருட்டில் கார்ட்டூமுக்குப் போயிருக்கின்றன. தரையில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. நூறு பேருக்குள் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டன.

எல்லோரும் ஹெலிகாப்டரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய நாட்கள்தான் மனதில் ஓடுகின்றன. சூடான் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் சண்டை மூண்டது 15ஆம் தேதி. அந்தக் கட்டடத்துக்குள் செய்திகளை ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பும் சங்கேதக் கருவிகள், சர்வர்கள், ரேடியோக்கள், கோப்புகள், துப்பாக்கிகள், கவச வண்டிகள் என்று எவ்வளவு இருந்திருக்கும்! ஹெலிகாப்டரில் ஆட்களுக்குத்தான் இடம். மீதியை யாரோ உட்கார்ந்து உடைத்திருக்கிறார்கள், எரித்திருக்கிறார்கள். பழைய கோப்புகளையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் அழிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் அந்த ஆட்களின் நினைப்பு என்னை விடவில்லை. இதைப் பற்றிப் படித்ததை எல்லாம் சில நாட்கள் இங்கே எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

இன்று வேலையிடத்தில் மூட்டை மூட்டையாகப் பழைய கோப்புகள் வந்து இறங்கின. காகிதத்தை அழிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். ஸ்டேப்ளர் பின், கிளிப், நடுவில் லேமினேட் செய்த அட்டை என்று வரும். கொஞ்சம் கூடுதலாகத் திணித்தால் வெட்டும் எந்திரத்தின் பல்லில் சிக்கிக்கொண்டு மோட்டார் முனகும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி சிவப்பு விளக்கு எரியும். ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். வெளியே கூட்டம் கதவை இடிக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால்?

1979 நவம்பர் 4 அன்று ஈரான் தலைநகர் டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. மாணவர்கள் சுவரேறிக் குதித்த பிறகு, இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்த அறையில் ஊழியர்கள் சில மணி நேரம் தாக்குப்பிடித்து, கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டும் எந்திரங்கள் மக்கர் செய்தன. அவற்றில் காகிதத்தை நெடுக்காக மட்டும் நறுக்கும் பழைய ரகமும் இருந்தது. அந்த ரகத்தில் தாளைப் பக்கவாட்டில் செருகினால் ஒரு நாடாவில் ஒரு வரி முழுசாக நிற்கும். பிடித்தவர்கள் அந்த நாடாக்களைக் குப்பை என்று ஒதுக்கிவிடவில்லை. கம்பளம் நெய்கிறவர்களை அழைத்துவந்து உட்காரவைத்து, ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டவைத்தார்கள். பிறகு அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு விற்றார்கள். அந்தப் பக்கங்களில் வந்த ஈரானியப் பெயர்களுக்கு உரியவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்றே அந்தத் தூதரகம் ஒரு முறை தாக்கப்பட்டிருந்தது. அவ்வளவு தெளிவான எச்சரிக்கைக்குப் பிறகும் அலமாரிகளில் அவ்வளவு காகிதம் இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. இப்போது ரகசியத் தாள்களுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் அளவு, ஒரு துணுக்கு 1 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் நீளம். எந்த நெசவாளராலும் அதை ஒட்ட முடியாது.

ஏப்ரல் 27, வியாழன்

சங்கேதக் கருவி விஷயத்தில் ஒரு பழைய விதி உண்டு. சங்கேதக் கலை பற்றி எழுதிய கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883லேயே எழுதிவைத்தது: கருவி எதிரியிடம் போனாலும் ரகசியம் தப்ப வேண்டும், சாவி மட்டும் போகக் கூடாது. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. கருவியில் ஏற்றும் எண் வரிசை. அதனால்தான் அழிக்கும்போது சாவிப் பட்டியல் முதலில் போகும், மற்றவை எல்லாம் அப்புறம்தான். இன்றைய கருவிகளில் ஏற்றிய சாவியை நொடியில் துடைத்தெறிய ஒரு பொத்தானே இருக்கிறது.

1968 ஜனவரி 23 அன்று வட கொரியா பிடித்த பியூப்லோ தூதரகம் இல்லைதான், அமெரிக்க உளவுக் கப்பல். ஆனால் இந்தப் பாடத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சம்பவம் வேறில்லை. கப்பலில் சம்மட்டி, கோடாலி, ஒரு சிறிய எரியடுப்பு போன்றவையே இருந்தன. எஃகுக் கூட்டுக்குள் இருந்த கருவிகள் அடிக்கு மசியவில்லை. எரிக்கவேண்டிய காகிதமோ மலைபோலக் கிடந்தது. கே.டபிள்யூ-7 என்ற சங்கேதக் கருவி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. சாவியை மாற்றிவிட்டால் போதும் என்று அமெரிக்கா நம்பியது. ஜான் வாக்கர் என்ற கடற்படைக்காரர் அதற்குள் சாவிப் பட்டியல்களை சோவியத்துக்கு விற்கத் தொடங்கியிருந்தார் என்பது, 1985இல் அவர் பிடிபட்ட பிறகுதான் தெரிந்தது. கருவி ஒரு வழியில், சாவி இன்னொரு வழியில்.

இந்த நாளில் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. காந்தத்தால் அழிக்கும் டீகாஸர் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு எமன். சில்லில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதில் காந்தப் பதிவே கிடையாது. சில்லையே பொடியாக்க வேண்டும். பேய்க்கு விபூதி போடுவதுபோல எல்லாவற்றையும் டீகாஸரில் காட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

1975இல் வியட்நாம் போரின் முடிவில் சைகோன் விழுந்த நாள். அங்கிருந்த சி.ஐ.ஏ. நிலையம் அனுப்பிய கடைசித் தந்தியில், கருவிகளை அழிக்க சுமார் 20 நிமிடம் ஆகும், 3:20 மணியோடு ரகசியத் தொடர்பு நின்றுவிடும் என்று நேரம் குறித்துச் சொல்லியிருந்தார்கள். கடைசிக் கருவியை உடைத்துவிட்டால் பேச வழியே இல்லை. எதை எப்போது உடைப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஆனால் அதே சைகோனில் ஒரு புளியமரம் இருந்தது. தூதரக வளாகத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்ற பெரிய மரம். பெரிய ஹெலிகாப்டர் இறங்க வேண்டுமானால் அதை வெட்டியாக வேண்டும். தூதர் கிரஹாம் மார்ட்டின் விடவில்லை. மரம் விழுந்தால் அமெரிக்கர்கள் கிளம்புகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும், பீதி கிளம்பும் என்பது அவர் வாதம். கடைசியில் 29ஆம் தேதிதான் வெட்டினார்கள்.

மார்ட்டினை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அவருடைய பயம் புரிகிறது. 2017 செப்டம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோ ரஷ்யத் துணைத் தூதரகத்தின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை வந்தது. 2020 ஜூலையில் ஹூஸ்டன் சீனத் துணைத் தூதரக முற்றத்தில் தொட்டி வைத்து எரித்தார்கள். புகையைப் பார்த்த கணமே ஊர் முழுக்கச் செய்தி. எரிக்கத் தொடங்குவதே ஓர் அறிவிப்பு என்பதால்தான் எந்தத் தூதரும் அந்த உத்தரவை முன்னதாகக் கொடுக்க விரும்புவதில்லை. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசி நேரத்தில் எல்லாம் ஒரே குவியலாகப் போய்விடுகிறது.

மே 7, ஞாயிறு

ஆயுத விஷயத்தில் நேர்த்தியாக நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். 2015 பிப்ரவரியில் ஏமன் தலைநகர் சனாவில் அமெரிக்கத் தூதரகத்தை மூடியபோது, காவலுக்கு இருந்த மரைன் படையினர் பயணிகள் விமானத்தில் வெளியேற வேண்டியிருந்தது. பெரிய துப்பாக்கிகளைத் தூதரகத்திலேயே அழித்தார்கள். கையில் இருந்தவற்றை விமான நிலையத்தில் வைத்து, போல்ட்டைக் கழற்றித் தனியாகச் சம்மட்டியால் நசுக்கி, துப்பாக்கி உடலையும் தனியாக நசுக்கிவிட்டு வெறுங்கையோடு ஏறினார்கள். விட்டுப்போன வண்டிகளை நகரைப் பிடித்திருந்த ஹூதி கிளர்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தாலிபான் நெருங்கிக்கொண்டிருந்த காபூலில் 2021 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கத் தூதரகம் ஊழியர்களுக்கு விட்ட குறிப்பில் ரகசியத் தாள், கணினியோடு கொடிகளும் சின்னம் பொறித்த பொருட்களும் இருந்தன. எதிரியின் பிரசாரப் படத்துக்கு உதவக்கூடியதை எல்லாம் அழிக்கச் சொன்னார்கள். கொடி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். அதே ஊரில் பிரிட்டிஷ் தூதரக வளாகத்துக்குப் போன ஒரு பத்திரிகையாளர், ஆப்கானிய ஊழியர்களின் பெயரும் தொடர்பு விவரமும், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் தாள்களும் தரையில் கிடந்ததைப் பார்த்தார். சங்கேதக் கருவி போனால் ஒரு அரசாங்கத்துக்கு நஷ்டம், அடுத்த மாதம் வேறு கருவி வரும். அந்தத் தாளில் இருந்தவருக்கு வீடு மாற்றிப் போகக்கூட வழியில்லை.

மே 20, சனி

சூடானிலிருந்து இன்னொரு செய்தி. விசாவுக்காக வாங்கி வைத்திருந்த சூடானியர்களின் பாஸ்போர்ட்டுகளையும் அமெரிக்கத் தூதரகம் அழித்துவிட்டதாம். தவறானவர்கள் கையில் கிடைக்கக் கூடாது, இது வழக்கமான நடைமுறைதான் என்கிறது வெளியுறவுத் துறை. காபூலிலும் இதே கதை. ஐரோப்பியத் தூதரகங்கள் சில, பாஸ்போர்ட்டுகளைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போய்விட்டன. இரண்டில் எதுவானாலும் அந்த ஆள் எகிப்து எல்லையில் போய் என்ன காட்டுவான்?

இத்தனை நாள் படித்ததில் என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான். பாஸ்போர்ட் அதை வாங்கி வைத்த தூதரகத்தின் சொத்தே இல்லை. தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு தூதரகத்தின் ஆவணங்கள் எங்கே இருந்தாலும் தொடக் கூடாதவை என்கிறது. அந்தப் பாதுகாப்பு அவர்களுடைய காகிதத்துக்கு. அடுத்தவரின் பாஸ்போர்ட்டை எரியும் குவியலில் சேர்க்க அது அனுமதி தரவில்லை.

கடைசி இரவில் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே வீடு வீடாகப் போய்க் கொடுக்க முடியுமா? அதனால்தான் இதை முதல் வாரத்துக்கே கொண்டுவர வேண்டும். ஊரில் பதற்றம் கூடுகிறது என்று தங்கள் நாட்டவரைக் கிளம்பச் சொல்லும் அன்றே, விசாப் பிரிவு பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பதை நிறுத்தட்டும். நகல் எடுத்துக்கொண்டு அசலைக் கையோடு கொடுத்தனுப்பட்டும். உள்ளே இருப்பவற்றை உரியவரைக் கூப்பிட்டு ஒப்படைக்கட்டும். இதற்குப் புகை எழாது, மரம் விழாது, ஊரில் யாருக்கும் பீதி வராது.