மாருதி 800-க்கு மோட்டார் தேடும் படலம்

2 பிப்ரவரி 2025

பழைய மாருதி 800-ஐ மின்சாரத்தில் ஓடும் வண்டியாக மாற்றுகிறேன். இன்ஜின் இறங்கிவிட்டது. கியர்பாக்ஸ் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ரிவர்ஸும் முதல் கியரின் இழுவையும் அதில்தானே இருக்கின்றன.

மோட்டார் எது என்பதற்கு முன்னால், வண்டி எங்கே ஓடப்போகிறது என்று முடிவு செய்யவேண்டும். பெட்ரோல் காரை மின்சாரத்துக்கு மாற்றிச் சாலையில் ஓட்ட அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்சியிலும் மாற்றவேண்டும். நான் வீட்டில் கட்டுகிற வண்டி அதற்குள் வராது. ஆகவே இது கோவைப் பக்கம் தொண்டாமுத்தூர் தோப்புக்குள் காய் மூட்டை இழுக்கிற வண்டி. தார் ரோட்டுக்குப் போகாது.

இரவு கணக்குப் போட்டேன். பேட்டரி, மூட்டை, ஆள் எல்லாம் சேர்ந்து 900 கிலோ. கிணற்று மேட்டில் நூறு அடி போனால் பதினைந்து அடி ஏற்றம். சாய்வில் ஏற 1,320 நியூட்டன் விசை, இளகிய மண்ணில் உருள இன்னொரு 440. சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர். அப்படியானால் சக்கரத்தில் 440 நியூட்டன் மீட்டர் திருகுவிசை வேண்டும். முதல் கியரும் டிஃபரென்ஷியலும் சேர்ந்து சுமார் 15 மடங்கு. கியர் உராய்வையும் சேர்த்தால் மோட்டார் தரவேண்டியது 33. மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற, மோட்டார் நிமிடத்துக்கு 1,560 சுற்று சுற்றவேண்டும். மொத்தம் ஐந்தரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் தேவை!

9 பிப்ரவரி

பழைய ஃபோர்க்லிஃப்டிலிருந்து கழற்றிய சீரிஸ் டிசி மோட்டார் ஒன்று விலைக்கு வந்தது. நின்ற இடத்திலிருந்து இழுப்பதில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சுமை இல்லாமல் முழு வோல்ட்டேஜ் கிடைத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் காம்யூட்டேட்டர் (பிரஷ் உரசுகிற செப்பு உருளை) சிதறிவிடும். கிளட்ச் உள்ள வண்டியில், ஆக்சிலரேட்டரை மிதித்தபடி யாராவது கிளட்சை அழுத்தினால் போதும். தோப்பில் இதை ஓட்டப்போவது நான் மட்டும் இல்லை. வேண்டாம்.

15 பிப்ரவரி

இன்று ஒரு பிஎல்டிசி கிட், அதாவது பிரஷ் இல்லாத காந்த மோட்டார். அட்டையில் பெரிதாக ‘10 கிலோவாட்’. தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேட்டேன். கடைக்காரர் தாளைப் புரட்டிப் பார்த்து, “நாலு கிலோவாட்டுங்க” என்றார். 10 என்பது சில விநாடிகளுக்கு மட்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வருகிறது. மோட்டாரை எரிப்பது சூடு. சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்கு கரண்ட் போனால் காயிலில் நான்கு மடங்கு சூடு. மூட்டையோடு மேடு ஏறும்போது உச்சக் கணக்கு உதவாது. அரை மணி நேரம் தாங்குகிற சக்தி எவ்வளவு என்பதை அட்டையின் முகப்பிலேயே போடவேண்டும். காந்த மோட்டார் எடை குறைவு, திறனும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அளவு மீறிச் சூடானால் காந்தமே பலமிழக்கும். அதை இங்கே யாரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்வது?

22 பிப்ரவரி

கோவை கணபதி பகுதியில் மோட்டார் காயில் கட்டுகிற பெரியவரைப் பார்த்தேன். என் கணக்குச் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, “இது ஏழரை எச்பி தண்ணி மோட்டார் கணக்குத்தானே கண்ணு” என்றார்.

உண்மைதான். ஏழரை எச்பி என்றால் ஐந்தரை கிலோவாட். 1,440 சுற்றில் 36 நியூட்டன் மீட்டர், அதுவும் நாள் முழுக்க. கொஞ்ச நேரத்துக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் தரும். மாருதியின் 796 சிசி இன்ஜினே உச்சத்தில் 59 நியூட்டன் மீட்டர்தான். இன்டக்‌ஷன் வகையான இந்தத் தண்ணி மோட்டாரில் காந்தமும் இல்லை, பிரஷும் இல்லை. எரிந்தாலும் கோவையில் தெருவுக்கு ஒருவர் கட்டிக் கொடுப்பார். 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊராயிற்றே.

சிக்கல் வோல்ட்டேஜில். அது 415 வோல்ட் மோட்டார். என்னுடையது 24 லித்தியம் பாஸ்பேட் செல், 76.8 வோல்ட் டிசி. டிசியை ஏசியாக மாற்றித் தருகிற கன்ட்ரோலர் வழியாக அதிலிருந்து ஏசி 54 வோல்ட்டுக்கு மேல் வராது. ஆகவே காயிலைப் பிரித்துத் திரும்பக் கட்டவேண்டும்.

1 மார்ச்

அலுமினிய பாடி மோட்டார் ஒன்று பழையதாகக் கிடைத்தது. வார்ப்பிரும்பைவிட நல்ல எடைக் குறைவு. பெரியவர் ஒரு காயிலை வெட்டி எடுத்து எண்ணினார்: கம்பி 36 சுற்று. புதுக் காயிலுக்கு நான்கு சுற்றா, மூன்றா என்பதில்தான் மதியம் முழுக்கப் பேச்சு. அரைச் சுற்று கட்ட வழியில்லை.

நான்கு என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு 46 வோல்ட். மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 1,650 சுற்றைத் தாண்டினால் இழுவை தளரத் தொடங்கும். மூன்று என்றால் 35 வோல்ட் போதும், 2,200 வரை முழு இழுவை. ஆனால் முன்பு 11 ஆம்பியர் எடுத்தது இப்போது 132 எடுக்கும், நான்கில் அது 99. கன்ட்ரோலர் 300 ஆம்பியர் தாங்கும், இரண்டு மடங்கு இழுத்தாலும் இடம் இருக்கிறது. மூன்று என்று முடிவு. தடித்த ஒற்றைக் கம்பி ஸ்லாட்டுக்குள் வளையாது. மெல்லிய எனாமல் கம்பிகளைக் கற்றையாகச் சேர்த்துக் கட்டுகிறார்.

8 மார்ச்

பின்பக்க ஃபேன் தண்டிலேயே இருப்பதால் மெதுவாக ஏறும்போது காற்றும் மெதுவாகத்தான் வரும். அதைக் கழற்றிவிட்டு, தனியாகச் சுற்றும் 12 வோல்ட் ஃபேன் வைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் வேகம் அளக்கும் என்கோடர் உட்காரும். அது இல்லாமல் கன்ட்ரோலருக்கு ஸ்லிப் (உள்ளே காந்தப்புலம் சுற்றும் வேகத்துக்கும் தண்டு சுற்றும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்) தெரியாது.

பழைய கிளட்ச் பிளேட்டின் நடுப் பல்சக்கரத்தை லேத்தில் கொடுத்திருக்கிறேன். மோட்டார் தண்டை கியர்பாக்ஸோடு சேர்ப்பது அதுதான். இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் பேரிங் போய்விடும். டயல் கேஜ் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் அடாப்டர் பிளேட்டில் துளை போடவேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேன். வார்னிஷ் காய்ந்ததும் மோட்டார் வருகிறது.