முதலில் உங்கட கை

காலை ஏழு மணிக்கு எங்கள் ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றுக்காரர்களின் ராச்சியம்தான். சீனி பார்க்க வந்த ஐயாமார், கொழுப்புப் பார்க்க வந்த அன்ரிமார், கனடாவில் இருந்து லீவுக்கு வந்து ‘இஞ்ச மலிவுதானே’ என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்க்கிறவர்கள். பிள்ளைகளைப் பெரும்பாலும் பத்து மணிக்குப் பிறகுதான் கொண்டுவருவார்கள். அன்றைக்கு அந்தத் தாய் ஏழேகாலுக்கே வந்துவிட்டா. கையில் ஆறு வயதுப் பெட்டை. முன்பல் ஒன்று இல்லை.

“மிஸ், இவளுக்கும் ஒருக்கா அந்த ரெஸ்ற் எடுத்து விடுங்கோ.”

“எந்த ரெஸ்ற்?”

“தமையனுக்கு எடுத்தது.”

தமையனை எனக்கு நல்ல நினைவு. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எட்டு வயது. ஒரு வருடத்துக்கு முன்னம் அவனுடைய சி.கே. பரிசோதனையை, தசை பழுதாகும்போது இரத்தத்தில் கூடுகிற நொதியைப் பார்க்கிறதை, நான்தான் செய்தேன். கருவி தன் எல்லைக்கு மேல் போய்விட்டது என்று காட்டியது. மாதிரியை ஐதாக்கி மறுபடி போட்டேன். ஒரு பிள்ளைக்கு இருநூறு, முந்நூறு இருக்கவேண்டிய இடத்தில் பத்தாயிரத்தைத் தாண்டி நின்றது. கெண்டைக்கால் பருத்திருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் ‘நல்ல சதைப்பிடிப்பு’ என்று சந்தோசப்பட்டிருக்கிறார்கள். நிலத்தில் இருந்து எழும்பும்போது மட்டும் கைகளைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுகிறவன் மாதிரி எழும்புவான். பிறகு மரபணுவைப் பார்க்க, ஊதா மூடி ரியூபில் அவனுடைய இரத்தம் கொழும்புக்குப் போனது. டுஷேன் தசைநலிவு என்று வந்தது, தசைகள் வரவரப் பலம் இழக்கிற பரம்பரை நோய்.

அவனுக்கு அந்தப் பரிசோதனை தேவையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வருத்தம் கண்முன்னே நிற்கிறது. தசையில் துண்டு வெட்டிப் பார்க்கிற வேலை மிச்சமாகிறது. ஸ்டீரொயிட் எப்போது தொடங்குவது, இதயத்தை எப்போது பார்ப்பது என்று டொக்டருக்குப் பாதை தெரிகிறது. ஆனால் இந்தப் பெட்டை நல்லாய் ஓடித் திரிகிறாள்.

“டொக்டர் எழுதித் தந்தவரோ?”

“இல்லை மிஸ். நாங்களாத்தான். நாளைக்குக் கலியாணம் பேசேக்க தெரிஞ்சிருந்தா நல்லதுதானே.”

ஆறு வயது. கலியாணம். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பொம்பிளைப்பிள்ளை பெற்றவளின் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. எனக்கும் இரண்டு பெட்டையள்.

இருபது வருடத்துக்கு மேலாக ஊசி குத்துகிறேன். தொடக்கத்தில் ‘தெரிந்துகொள்வதில் என்ன பிழை’ என்கிற கட்சிதான் நான். அந்த எண்ணத்தை மாற்றியது என் வாய்தான்.

அப்போது வேறோர் இடத்தில் வேலை. இரும்புச்சத்து மருந்து குடித்தும் இரத்தம் ஏறாத நாலு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதில் ஏ2 என்கிற வகை கூடுதலாக இருந்தது. தலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோயின் காவி. நோயாளி அல்ல, பழுதான மரபணுவைக் காவுகிற காவி மட்டும்தான். ரிப்போட் எடுக்கத் தகப்பனும் அவருடைய தமக்கையும் வந்தார்கள். கவுண்டரில் பத்துப் பேர் நிற்க, நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து, “பயப்பிட ஒண்டுமில்லை, பிள்ளை தலசீமியாக் காவி, அவ்வளவுதான்” என்றேன். தமக்கையின் காதில் விழுந்தது நடுவில் இருந்த அந்த ஒரு சொல்.

நாலைந்து வருடம் கழித்துத் திருநெல்வேலிச் சந்தையில், வாழைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், தாய் என்னை மறித்தா. பிள்ளைக்குத் தகப்பன் வீட்டில் ‘இரத்தம் சரியில்லாதது’ என்று பெயராம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட விடவில்லையாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாழைக்காய் தெரிந்துகொண்டே சொன்னா.

பரிசோதனை சரி. சொன்ன விதம் பிழை. இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் பீற்றா தலசீமியாக் காவிகள். இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, மாதாமாதம் இரத்தம் ஏற்றவேண்டிய பிள்ளை பிறக்க வாய்ப்பு. மச்சானும் மச்சாளும் கட்டுகிற எங்கள் ஊரில் இது சின்னக் கணக்கில்லை. ஆனால் இந்தக் கணக்கு இருபத்திரண்டு வயதில், தானாக வந்து கை நீட்டுகிற ஒருவருக்குப் பயன்படுகிற கணக்கு. நாலு வயதில் அது வெறும் பட்டப்பெயர்.

அதன் பிறகு, பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை கேட்டு வருகிறவர்களிடம் மனதுக்குள் ஒன்றைத்தான் கேட்பேன்: ‘ஓம்’ என்று முடிவு வந்தால், இந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாக முதல் நாங்கள் எதை வேறுமாதிரிச் செய்வோம்? சில குடும்பங்களில் பெருங்குடல் நிறைய முளைகள் வந்து இளவயதிலேயே புற்றுநோயாகும். அங்கே பத்து, பன்னிரண்டு வயதில் குழாய் விட்டுப் பார்க்கத் தொடங்கவேண்டும் என்பதால் பிள்ளைக்குப் பார்ப்பது நியாயம். மார்புப் புற்றுநோயின் பி.ஆர்.சி.ஏ. மரபணு அப்படியில்லை. லண்டனில் பெரியம்மாவுக்கு வந்தது என்பதற்காக எட்டு வயதுப் பெட்டைக்கு அதைப் பார்த்து என்ன செய்வது? அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. தாய் தகப்பனுக்கு இராத்திரி நித்திரை போகும், அவ்வளவுதான். அமெரிக்கச் சிறுவர் மருத்துவர்களின் சங்கம் 2013இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வளர்ந்த பிறகு வருகிற நோய்க்கு, சின்ன வயதில் செய்ய ஏதும் இல்லையென்றால் பொறுங்கள்.

வளர்ந்த பிறகு மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்குகிற, மாற்ற மருந்தில்லாத ஹன்ரிங்ரன் நோயின் மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. பரிசோதனை வந்த பிறகும், அந்தக் குடும்பங்களில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் அதைச் செய்துகொள்ளவில்லை. தெரியாமல் இருப்பதைத் தெரிந்தே எடுத்தார்கள். வளர்ந்தவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்று விட்ட ஒன்றைப் பிள்ளையின் கையில் குத்தி எடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துவைப்பார்கள். ஆனால் பலன் கேட்க அம்மம்மா விடமாட்டா. “பன்ரண்டு வயசு வரட்டும், இப்பவே ஏன் பிள்ளையின்ர தலையில ஏத்திறியள்” என்பா. சாதகத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அம்மம்மாவில் இருந்தது.

ஏழேகால் மணித் தாய்க்கு வருகிறேன். அவவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் பேசுவதை நான் விட்டு வருடங்களாகிறது.

“தங்கச்சி, உங்களுக்குப் பாத்ததோ?”

“எனக்கு ஏன்?”

விளங்கப்படுத்தினேன். இந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாய் காவியாக இருந்தால்தான் மகளுக்குப் பாதிக்குப் பாதி. மூன்றில் ஒரு பங்கு பெடியன்களில் அது தாயிடம் இருந்து வந்ததில்லை, புதிதாக நேர்ந்த விகாரம். உங்களுக்கு இல்லையென்று வந்தால் இவளுக்கு இருக்கிற வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிறதென்று வந்தால், அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கவும், உங்கள் இதயத்தை ஒருக்கால் பார்க்கவும் டொக்டர் சொல்லுவார். இவள் வளர்ந்து தானே கேட்கட்டும்.

தாய் கீழே பார்த்துக்கொண்டிருந்தா. கைப்பையின் சிப்பைத் திறப்பதும் பூட்டுவதுமாக.

“எனக்குத்தான் எண்டு வந்தா மாமி சொல்லுவா, உன்ர பக்கத்தாலதான் வந்தது எண்டு.”

அவ்வளவுதான் விசயம். பெட்டையின் கலியாணம் பன்னிரண்டு, பதினைந்து வருடம் தள்ளி. மாமி அடுத்த அறையில். பிள்ளையைப் பரிசோதிக்கக் கேட்டு வருகிற எல்லாத் தாய் தகப்பனும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் தங்கள் கையை நீட்டப் பயந்து பிள்ளையின் கையை நீட்டுகிறவர்களை நான் அதற்குப் பிறகும் கண்டிருக்கிறேன். தகப்பன்மார் இதில் இன்னும் மோசம்.

அன்றைக்கு யாருக்கும் இரத்தம் எடுக்கவில்லை. கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு எழுதுவித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். பணம் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதற்கு முதலாளியிடம் பேச்சும் வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தா, துண்டோடு. பெட்டையும் கூட. கையுறை ஒன்றை ஊதி, பேனையால் கண் வாய் கீறிச் சேவல் என்று கொடுத்தேன். தாயின் கையில் பட்டியைக் கட்டினேன். நரம்பு நல்ல நரம்பு, ஒரே குத்து. ஊதா மூடி ரியூபை மெல்ல எட்டுத் தரம் கவிழ்த்து நிமிர்த்தினேன். குலுக்கக் கூடாது. பெட்டை சேவலை மடியில் வைத்துக்கொண்டு இரத்தம் போவதையே பார்த்தாள்.

“அம்மாக்கு நொந்ததோ?”

“கொஞ்சம்,” என்றா தாய்.

ரிப்போட் வந்தபோது தாய் தனியாக வந்து உறையை வாங்கிக்கொண்டு போனா. திறக்கவில்லை, டொக்டரிடம் போய்த் திறக்கிறேன் என்றா. நானும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இங்கேயும் எழுதப் போவதில்லை.